சாப்பாடு முடியட்டும், அப்புறம் சொல்லுங்க: சித்தகங்கா சாமி போன அன்னைக்கு தும்கூர்

பெங்களூர்ல புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "2019ல தும்கூர் சித்தகங்கா மடத்து சாமியார் இறந்தப்ப ஸ்டேட் முழுக்க லீவு, மூணு நாள் துக்கம், பல லட்சம் கூட்டம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. 111 வயசுல ஒருத்தர் போனதுக்கு இவ்வளவு அழுகையா? இது நிஜமான துக்கமா, இல்ல ஜாதி ஓட்டுக்காக அரசியல்வாதிங்க கிளப்பி விட்டதா?"

தம்பி, நான் தும்கூர்ல ஒரு சின்ன லேத் பட்டறையில சூப்பர்வைசர், இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த மடம் சேர்ந்த லிங்காயத்து சமூகமும் கிடையாது, மடத்துக்கு சிஷ்யனும் கிடையாது. ஆனா அந்த ரெண்டு நாள் இந்த ஊர் எப்படி இருந்துச்சுனு கண்ணால பார்த்தவன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஆள் யாருனு தெரியணும். ஸ்ரீ சிவகுமார சாமிகள், 1907 ஏப்ரல் 1ஆம் தேதி மாகடி பக்கத்துல வீராபுரங்கற கிராமத்துல பிறந்தவர். வீட்டுக்கு 13வது பிள்ளை, சின்ன வயசுலயே அம்மா போயிட்டாங்க. பள்ளிக்கூடம் படிக்கும்போது இதே சித்தகங்கா மடத்துல தங்கி, இங்க போட்ட சோத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவர். அப்புறம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ்ல படிச்சுட்டிருந்தப்ப மடத்துக்கு அடுத்த பீடாதிபதியா வரவேண்டிய சாமி திடீர்னு இறந்துட, பெரிய சாமி உத்தான சிவயோகிகள் பார்வை இந்தப் பையன் மேல விழுந்துச்சு. 1930ல காவி உடுத்தினார், 1941ல மடத்துப் பொறுப்பு முழுசா கைக்கு வந்துச்சு. அதுலருந்து 2019 வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 78 வருஷம். ஒரு ஊர்ல தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறைக்கும் ஒரே சாமி.

இங்க பூஜைக்கு சமமா, சொல்லப்போனா அதுக்கும் மேல வைக்கிற ஒரு விஷயம் தாசோஹம். லிங்காயத்துங்க குருவா மதிக்கிற பசவண்ணர் காலத்துலருந்து, அதாவது 12ஆம் நூற்றாண்டுலருந்து வர்ற வார்த்தை. நம்ம ஊர்ல அன்னதானம்னு சொல்றதுக்குக் கிட்ட வரும், ஆனா அதுலயும் ஒரு வித்தியாசம் இருக்கு, தானம்னா கொடுக்கிறவன் கை மேல இருக்கும், தாசோஹம்னா நான் உனக்கு தாசன்ங்கற நினைப்போட கொடுக்கணும். சோறு, எழுத்து, தங்க இடம், இந்த மூணையும் சேர்த்து திரிவித தாசோஹம்னு சொல்வாங்க. இந்த மடத்து ஹாஸ்டல்ல 10,000 பேருக்குப் பக்கமா பசங்க தங்கிப் படிக்கிறாங்க, ஜாதி மதம் பார்க்கிறது இல்ல, காசு வாங்கிறதும் இல்ல. வெளியில நூத்துக்கும் மேல பள்ளிக்கூடம், காலேஜ்னு மடத்தோட கல்விச் சங்கம் நடத்துது. ஆரம்ப காலத்துல வருமானம்னு பெருசா ஒண்ணும் கிடையாது, சாமியே ஜோளிகைனு சொல்ற துணிப்பையைத் தோள்ல மாட்டிட்டு ஊர் ஊரா போய் ராகியும் அரிசியும் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கார். இன்னைக்கும் சுத்துப்பட்டு விவசாயிங்க அறுவடை முடிஞ்சா முதல்ல ஒரு மூட்டையை மடத்துக்கு ஒதுக்கிட்டுத்தான் மீதியை வீட்டுக்கு ஏத்துவாங்க.

இப்ப அந்த நாளுக்கு வரேன்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிலருந்தே உடம்பு சரியில்லாம இருந்துச்சு, பித்தநாளத்துல அடைப்பு, பெங்களூர்ல திரும்பத் திரும்ப ஸ்டென்ட் வச்சாங்க. 2018 டிசம்பர்ல ஏர் ஆம்புலன்ஸ்ல நம்ம சென்னைக்குக் கொண்டுபோய் குரோம்பேட்டை ரேலா ஆஸ்பத்திரியில டாக்டர் முகமது ரேலா டீம் ஆபரேஷன் பண்ணாங்க. 111 வயசு நடக்கிற ஒரு மனுஷனுக்கு! அந்த வாரம் எங்க பட்டறையில பசங்க எல்லாம் என்கிட்ட வந்து "அண்ணா உங்க சென்னை எப்படி, அந்த ஆஸ்பத்திரி நல்லதா"னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, நானே என்னமோ கூட்டிட்டுப் போய் சேர்த்த மாதிரி. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு அதே மாசம் ஊருக்குத் திரும்பிட்டார். ஆனா ஜனவரியில நுரையீரல்ல இன்ஃபெக்‌ஷன், இங்கேயே ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, அப்புறம் அவரோட விருப்பப்படியே மடத்துக்குக் கொண்டுவந்து பழைய மடத்துல வச்சே ட்ரீட்மென்ட் நடந்துச்சு. அந்த ஒரு வாரம் பத்து நாள் வாட்ஸ்அப்ல எத்தனை தடவை அவரைச் சாகடிச்சிருப்பாங்கனு கணக்கே இல்ல. ராத்திரி ஒரு மெசேஜ் வரும், போட்டோவுக்கு மாலை போட்டு அனுப்புவாங்க, காலையில மடத்துலருந்து இல்லைனு மறுப்பு வரும். அதுக்குள்ள நாலு பேர் அழுது முடிச்சிருப்பாங்க.

2019 ஜனவரி 21, திங்கட்கிழமை. காலையில 11:44க்கு உயிர் போச்சு. ஆனா சேதியை உடனே வெளியில விடல. காரணம், அவரே முன்னாடி சொல்லி வச்சிருந்தது: நான் போனா பசங்க மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் சொல்லணும், ஒரு பிள்ளையும் பட்டினி கிடக்கக் கூடாது. சாவு வீட்டுல அடுப்பு எரியாதுங்கறது நம்ம ஊர் மாதிரியே இங்கயும் வழக்கம். சேதி தெரிஞ்சா 10,000 பசங்களும் தட்டைத் தள்ளி வச்சுடுவாங்கனு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

எங்க பட்டறையில ஒரு ஆபரேட்டர் இருக்காப்ல, பேரு வேண்டாம். அஞ்சாவதுலருந்து பத்தாவது வரைக்கும் மடத்து ஹாஸ்டல்ல இருந்தவர், ஜாதியில லிங்காயத்து இல்ல. அவரோட கூட்டாளி ஒருத்தர் மடத்துலயே சமையல் பக்கம் வேலை பார்க்கிறார். அன்னைக்கு பன்னெண்டு மணி சுமாருக்கு இவர் போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு, சாமி லிங்கைக்யம் ஆயிட்டார்னு. லிங்காயத்துல இறந்துட்டார்னு சொல்ல மாட்டாங்க, லிங்கத்தோட ஒண்ணாயிட்டார்னு சொல்ற வார்த்தை அது. இவர் நம்பல, பத்து நாளா வர்ற புரளிதானேனு மெஷினை ஓடவிட்டுட்டே அந்தக் கூட்டாளிக்கு போன் போட்டார், ஸ்பீக்கர்ல இருந்ததால எனக்கும் கேட்டுச்சு. பின்னாடி தட்டு சத்தம், பசங்க சத்தம். இவர், "புத்தி எப்படி இருக்காங்க?"னு கேட்டார். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் அந்த ஆள் மெதுவா, "ஊட்டா ஆகலி அண்ணா, ஆமேலே மாத்தாடோணா"னு சொல்லிட்டு வச்சுட்டார். சாப்பாடு முடியட்டும் அண்ணா, அப்புறம் பேசலாம். அவ்வளவுதான். நம்ம ஆளு மெஷினை ஆஃப் பண்ணார், லேத்துல மாட்டியிருந்த ஜாப்பை அப்படியே விட்டுட்டு கீழ உட்கார்ந்துட்டார். நாப்பது வயசு ஆம்பளை, எண்ணெய்க் கையோடயே முகத்தைப் பொத்திக்கிட்டு அழுததை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். டிவியில சேதி வர்றதுக்கு முன்னாடியே அவருக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு, யாரும் சொல்லாமலே.

இந்த "புத்தி"ங்கற வார்த்தையையும் சொல்லிடறேன், பழைய மைசூர் பக்கம் லிங்காயத்து சாமிகளை இப்படித்தான் கூப்பிடுவாங்க, நேர்ல நின்னு பேசும்போதும் "சரி புத்தி, வரேன் புத்தி"னுதான். அதே மாதிரி அவரை "நடெதாடுவ தேவரு"னு சொல்வாங்க, நடமாடும் தெய்வம். நம்ம பக்கம் காஞ்சி பெரியவரை அப்படியேதான் சொன்னாங்க, அதே வார்த்தை. ரெண்டு பேரும் நூறு வயசை ஒட்டியோ தாண்டியோ வாழ்ந்தவங்க, ரெண்டு பேருமே ஜனவரியில போனவங்க, பெரியவர் 1994 ஜனவரி 8. இன்னொண்ணு, அந்த ஜனவரி 21 நம்ம ஊர்ல தைப்பூசம். 1867லருந்து அடுப்பு அணையாம சோறு போடுற வடலூர் தர்மசாலையில அன்னைக்கு ஜோதி தரிசனம், இங்க தாசோஹம் நடத்தின ஒருத்தர் கண்ணை மூடிட்டார். எனக்கு இதுல ஜோசியம் ஒண்ணும் தெரியாது, ஆனா வீட்டுல என் அம்மா டிவியில ஜோதி பார்த்துட்டு போன் பண்ணப்ப நான் இந்த சேதியைச் சொன்னேன், அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல.

மத்தியானத்துக்கு மேல அரசாங்கமே அறிவிச்சுது. முதலமைச்சர் குமாரசாமி மடத்துலயே இருந்தார், எடியூரப்பாவும் இருந்தார். மறுநாள் பள்ளிக்கூடம், காலேஜ், அரசு ஆபீஸ் எல்லாம் லீவு, மூணு நாள் துக்கம். ஆனா லீவு அறிவிக்கிறதுக்கு முன்னாடியே தும்கூர் ஷட்டர் இறக்கிடுச்சு. ஹைவேல மடத்துக்குத் திரும்புற இடம் க்யாத்சந்திரா, தட்டு இட்லிக்குப் பேர்போன ஊர், பெங்களூர்லருந்து வர்ற காரெல்லாம் அங்க நின்னு சாப்பிட்டுத்தான் போகும். நான் சாயங்காலம் அந்தப் பக்கம் போனப்ப எனக்குத் தெரிஞ்ச இட்லிக் கடை எல்லாம் பூட்டியாச்சு, ஒரு கடைக்காரர் மட்டும் பூட்டின கடை வாசல்ல பெரிய டிரம் வச்சு வர்றவங்களுக்குத் தண்ணி ஊத்திட்டு நின்னார். ஜனங்க ஹைவேலருந்தே இறங்கி நடந்தாங்க. பஸ்ஸு, டிராக்டர், டெம்போ, சரக்கு லாரி, எதுல இடம் கிடைச்சுதோ அதுல.

நானும் அந்த ஆபரேட்டரும் ராத்திரி எட்டு மணி சுமாருக்கு வரிசையில நின்னோம், உள்ள போகும்போது விடியக் காலம் ஆயிடுச்சு. ஜனவரிக் குளிர் இந்தப் பக்கம் சாதாரணமா இருக்காது. எனக்கு முன்னாடி ஒரு பாட்டி, மடியில முடிஞ்சு ஒரு பிடி ராகி வச்சிருந்தாங்க, பூ மாலை வாங்கக் காசில்லையானு நான் தப்பா நினைச்சுட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அவங்க வருஷா வருஷம் கொண்டுவந்து கொடுக்கிறதைத்தான் அன்னைக்கும் கொண்டு வந்திருக்காங்க. பின்னாடி ஒரு பேங்க் மேனேஜர், பெல்லாரி பக்கத்துலருந்து டாக்ஸி பிடிச்சு வந்தவர், அவரும் ஹாஸ்டல் பையன்தான். "எங்க அப்பாவுக்கு என்னைப் படிக்க வைக்கிற யோசனையே இல்ல சார், மாடு மேய்க்கத்தான் விட்டிருப்பார்"னு சொன்னார். வரிசையில நின்ன அத்தனை மணி நேரத்துல நான் கேட்ட பேச்சு எல்லாம் கிட்டத்தட்ட இதே மாதிரி. நான் இத்தனாவது பேட்ச், நான் அந்த பிளாக்ல இருந்தேன், என் தம்பியும் இங்கதான் படிச்சான். சாமி அற்புதம் பண்ணார், நோயைக் குணமாக்கினார், விபூதி வரவழைச்சார்னு ஒருத்தர் வாயிலயும் வரல. எல்லாரும் சொன்னது சோத்தையும் பள்ளிக்கூடத்தையும்தான். அதிகாலை பிரார்த்தனைக்கு எழுப்பிவிட வருவார், சாயங்காலம் முற்றத்துல ஆயிரக்கணக்கான பசங்க வரிசையா உட்கார்ந்து பாடும்போது அவரும் உட்கார்ந்திருப்பார், சமையல்கட்டுக்குள்ள வந்து எட்டிப் பார்ப்பார், இதையே திரும்பத் திரும்ப.

அதனால உங்க கேள்வியில முதல் பாதிக்கு என் பதில், நிஜமான துக்கம்தான். பக்தர் கூட்டம்னு மட்டும் அதைப் பார்த்தா புரியாது. இந்த ஸ்டேட்ல வாத்தியார், போலீஸ், கிளார்க், டிரைவர், இன்ஜினியர்னு எங்க போனாலும் அந்த ஹாஸ்டல்ல சாப்பிட்ட ஒருத்தர் இருப்பார், 78 வருஷத்துல எத்தனை பேட்ச் வெளிய வந்திருக்கும்னு யோசிங்க. அந்த வரிசையில பாதிப் பேர் அப்பா செத்த வீட்டுக்கு வந்த மாதிரி வந்தவங்க. வயசு 111 ஆனதால துக்கம் குறையல, இன்னும் சொல்லப்போனா கூடிச்சு, ஏன்னா இவர் இல்லாத காலம்னு ஒண்ணை இங்க உயிரோட இருக்கிற யாருமே பார்த்தது இல்ல.

மறுநாள் சாயங்காலம் அடக்கம். லிங்காயத்துல எரிக்கிறது கிடையாது, உட்கார்ந்த நிலையில வைப்பாங்க, கையில இஷ்டலிங்கம், அதாவது அவங்க உடம்புலயே கட்டிக்கிற சின்ன லிங்கம். அவருக்கான சமாதி இடத்தை, கத்துகெனு சொல்வாங்க, அவர் குரு சமாதி பக்கத்துலயே பல வருஷம் முன்னாடியே கட்டி வச்சிருந்தாங்க, சாமி தினமும் அதைப் பார்த்துக்கிட்டேதான் நடமாடியிருக்கார். ஆயிரக்கணக்கான விபூதி உருண்டையைக் கொண்டுவந்து சுத்தி அடுக்கி, வில்வ இலை போட்டு மூடினாங்க. ருத்ராட்சத்தால அலங்காரம் பண்ணின ரதத்துல ஊர்வலம், அரசு மரியாதை எல்லாம் நடந்துச்சு, ஆனா கடைசி சடங்கு மடத்து வழக்கப்படி, மத்த மடங்களோட சாமிகள் சேர்ந்து பண்ணது. நாங்க கூட்டத்துல தூரத்துல நின்னதால வெளியில வச்சிருந்த பெரிய ஸ்கிரீன்லதான் பார்த்தோம். உருண்டை ஒண்ணொண்ணா வைக்க வைக்க முகம் மறைஞ்சுக்கிட்டே போச்சு, கடைசியா நெத்தி மட்டும் தெரிஞ்சப்ப அவ்வளவு பெரிய கூட்டத்துல ஒரு சத்தம் எழும்புச்சு பாருங்க, கோஷம்னு சொல்ல முடியாது அதை, அழுகைனும் சொல்ல முடியாது.

கூட்டம்னு சொன்னதும் ஒரு பயமும் சேர்ந்தே வரும். 1989 ஜூன்ல ஈரான் தலைவர் கொமேனி இறந்தப்ப தெஹ்ரான்ல ஜனங்க சவப்பெட்டி மேலயே விழுந்து உடம்பைச் சுத்தியிருந்த கஃபன் துணியைக் கிழிச்சு, உடம்பே வெளிய தெரிஞ்சு, கடைசியில ஹெலிகாப்டர்ல திரும்ப எடுத்துட்டுப் போய் சில மணி நேரம் கழிச்சுத்தான் அடக்கம் பண்ண முடிஞ்சுது. 2014 ஜனவரியில மும்பையில தாவூதி போராங்கற முஸ்லிம் சமூகத்தோட தலைவர் சையத்னா புர்ஹானுதீன் 98 வயசுல இறந்தப்ப மலபார் ஹில்ல கடைசியாப் பார்க்க வந்த கூட்டத்துல நசுங்கி 18 பேர் இறந்துட்டாங்க. அன்புல வந்தவங்கதான் எல்லாரும், ஆனா கடைசியா ஒரு தடவை தொட்டுடணும், பார்த்துடணும்ங்கற வேகம் வந்துட்டா மனுஷன் பக்கத்துல இருக்கிறவனை மறந்துடறான். தும்கூர்ல அந்த மாதிரி பெரிய விபத்துனு ஒண்ணும் நடக்கல. போலீஸ் நிறைய போட்டிருந்தாங்க, வரிசை ஒழுங்கா இருந்துச்சு, அது ஒரு காரணம். ஆனா நான் பார்த்ததுல முக்கியமான காரணம் வேற. பல இடத்துல சாப்பாடு பந்தல் போட்டு வர்றவங்களுக்கு ராத்திரி பகல்னு பார்க்காம சோறு போட்டுக்கிட்டே இருந்தாங்க. வரிசையில நிக்கிறவனுக்கு வயிறு நிறைஞ்சிருந்தா முண்டியடிக்கிற வேகம் பாதி குறைஞ்சுடும். அதுவும் பரிமாறினது பழைய ஹாஸ்டல் பசங்க, உட்கார வச்சு வரிசையா சாப்பாடு போடுறது அவங்களுக்குக் கைவந்த வேலை. துக்கத்துக்கு வந்தவங்க சட்டைக்கையை மடிச்சு விட்டுட்டு சாம்பார் வாளியைத் தூக்கிட்டு நின்னாங்க.

இப்ப ரெண்டாவது பாதி, அரசியல். இல்லைனு சொன்னா பொய்யாயிடும். லிங்காயத்துங்க கர்நாடகாவுல 17 சதவீதம்னு பல வருஷமா ஒரு கணக்கு சொல்லிட்டு வர்றாங்க, ஓட்டுல பெரிய சமூகம். 2018 சட்டசபை எலெக்‌ஷன் முன்னாடி லிங்காயத்துக்குத் தனி மத அந்தஸ்துனு பெரிய சண்டையே நடந்து முடிஞ்சிருந்துச்சு, 2019 லோக்சபா எலெக்‌ஷனுக்கு சில மாசம்தான் பாக்கி. அந்த நேரத்துல எந்தக் கட்சித் தலைவர் இந்த மடத்துக்கு வராம இருந்தார்னு தேடினாதான் உண்டு, உயிரோட இருக்கும்போதும் சரி, போன அன்னைக்கும் சரி. மத்தவங்க நாள் முழுக்க வரிசையில நிக்க அவங்களுக்குத் தனி வாசல் இருந்துச்சு. அந்த வாசல்ல ஒரு அமைச்சரை நிறுத்தினதுக்காக டியூட்டியில இருந்த பெண் எஸ்.பி.யை அவர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார், அந்தம்மா கண்ணைத் துடைச்ச வீடியோ அப்புறம் ஊர் பூரா ஓடுச்சு. எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் உறுத்தல். தன் வேலையைச் சரியா செஞ்ச ஒருத்தங்களை அந்த இடத்துல வச்சு அழ வச்சிருக்கக் கூடாது.

ஒரு மத மடத்துத் தலைவருக்கு அரசாங்க மரியாதையும் லீவும் கொடுக்கிறது சரியானு அப்பவே கேட்டவங்க உண்டு, எங்க பட்டறை ஓனரோட பையனே கேட்டான். நியாயமான கேள்விதான், கேட்டவங்களை சாமிக்கு விரோதினு திட்டினது தப்பு. இன்னொரு சமூகத்துப் பெரியவர் போனா இதே லீவு விடுவீங்களானு கேட்டா அரசாங்கம் பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா என் அபிப்பிராயம் என்னன்னா, அந்த மனுஷன் செஞ்ச வேலையில பெரிய பங்கு அரசாங்கம் செஞ்சிருக்க வேண்டிய வேலை. சுதந்திரத்துக்கு முன்னாடிலருந்தே ஏழைப் பசங்களுக்கு சோறும் ஹாஸ்டலும் கொடுத்துட்டு இருந்திருக்கார், கர்நாடக அரசாங்கம் பள்ளிக்கூடத்துல சமைச்ச மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பிச்சதே 2000க்கு அப்புறம்தான். கொடியை அரைக்கம்பத்துல இறக்கினா கடன் தீர்ந்துடாது, ஆனாலும் இறக்கினதுல எனக்குக் குறை ஒண்ணும் தெரியல.

அழுகை அடங்கினதும் கோபம் வந்துச்சு, அதையும் சொல்லணும். அவருக்கு பாரத ரத்னா கொடுக்கணும்ங்கறது உயிரோட இருக்கும்போதே கேட்டுட்டிருந்த கோரிக்கை. 2007ல கர்நாடக ரத்னா, 2015ல பத்ம பூஷண் வந்திருந்துச்சு. 2007ல நூறாவது பிறந்தநாளுக்கு ஜனாதிபதியா இருந்த அப்துல் கலாமே இங்க வந்துட்டுப் போனார். இறந்து நாலே நாள்ல, ஜனவரி 25 ராத்திரி, அந்த வருஷத்து பாரத ரத்னா லிஸ்ட் வந்துச்சு: பிரணாப் முகர்ஜி, பூபேன் ஹசாரிகா, நானாஜி தேஷ்முக். இவர் பேர் இல்ல. அன்னைக்கு ராத்திரி தும்கூர் வாட்ஸ்அப் குரூப்பை எல்லாம் பார்த்திருக்கணும், நாலு நாள் முன்னாடி மலர் போட்ட அதே கை. தலைவர்களும் வெளிப்படையா ஏமாற்றத்தைச் சொன்னாங்க. ரோம்ல 2005ல போப் ரெண்டாம் ஜான் பால் அடக்கத்தப்ப கூட்டம் "சாந்தோ சூபித்தோ", உடனே புனிதர் ஆக்குங்கனு கத்தினதும் இதே மாதிரி ஒரு தவிப்புதான்னு நினைக்கிறேன். அங்க ஒன்பது வருஷத்துல, 2014ல அது நடந்துச்சு. பெரிய இழப்பு வரும்போது அதுக்கு ஒரு முத்திரை, ஒரு பட்டம், யாராவது மேல இருக்கிறவங்க ஒத்துக்கிட்ட மாதிரி ஒரு காகிதம் வேணும்னு ஜனங்களுக்குத் தோணுது. எங்க ஆபரேட்டர்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரல, "புத்திக்கு எதுக்கு ண்ணா அது, டெல்லியில போய் வாங்கவா போறாங்க"னுட்டு வேலையைப் பார்த்தார். ஆனா அவர் தம்பிக்கு பயங்கரக் கோபம், ஒரே வீட்டுக்குள்ளயே இப்படி.

அப்புறம் பிரதமர் மோடி 2020 ஜனவரி 2ஆம் தேதி வந்து நினைவு மியூசியத்துக்கு அடிக்கல் நாட்டினார், மாநில அரசாங்கம் ஜனவரி 21ஐ தாசோஹ தினம்னு அறிவிச்சுது. மடத்தை 1988லயே வாரிசா அறிவிச்சிருந்த சித்தலிங்க சாமிகள் நடத்துறாங்க, பசங்க எண்ணிக்கையும் குறையல. வாரிசுச் சண்டைனு ஒண்ணும் வரல, பெரிய மடங்கள்ல அது எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்கே தெரியும். முப்பது வருஷம் முன்னாடியே இன்னாருன்னு சொல்லி, கூடவே வச்சுப் பழக்கினதுதான் காரணம்.

உங்க ஆபீஸ்ல இதைப் பத்திப் பேசுறவங்க யாராவது ஹாஸ்டல்ல படிச்சவங்களானு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, பெங்களூர்ல கண்டிப்பா ஒருத்தர் சிக்குவார், அவர்கிட்ட பேசினா நான் எழுதினதை விட நல்லா புரியும். நேர்லயே பார்க்கணும்னா பெங்களூர்லருந்து எழுபது கிலோமீட்டர்கூட வராது, க்யாத்சந்திராவுல இறங்கினா ஷேர் ஆட்டோ கிடைக்கும். சாயங்காலம் பிரார்த்தனை நேரத்துக்குப் போங்க.

எங்க ஆபரேட்டர் இப்ப எல்லா வருஷமும் ஜனவரி 21 அன்னைக்கு அரை நாள் லீவு போடுறார். காலையிலயே ஸ்கூட்டர் முன்னாடி ஒரு மூட்டை ராகியை வச்சுக்கிட்டுப் போவார், கத்துகெயில கும்பிட்டுட்டு நேரா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் பசங்களுக்குப் பரிமாறுவார். போன தடவை நானும் கூடப் போனேன். பதினொண்ணே முக்காலுக்கு பக்கத்துல யாரோ மணியைப் பார்த்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. இவர் வாளியைக் கீழ வைக்கல. முதல் பந்தி உட்கார்ந்தாச்சு, கடைசி வரிசையில ஒரு சின்னப் பையன் தட்டுக்கு இன்னும் சாம்பார் வரல.